மீன் நாற்றமும் இரண்டு ஷாக் அப்சார்பரும்

பொழியூர் கடற்கரையிலிருந்து மீன் கொண்டுபோகும் பெண்கள் நாற்பது பேராவது இருப்பார்கள். அவர்களில் சொந்தக் காரில் போகிறவள் குளோரி ஒருத்திதான். வயது நாற்பத்தேழு. அவளுடைய வெள்ளை மாருதி 800 காருக்குப் பதினாறு. பின்சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு அங்கே மூன்று ஐஸ் பெட்டிகளை அடுக்கியிருந்தாள். காலை ஏலம் முடிந்ததும் உச்சக்கடை, செங்கல், உதியன்குளங்கரை என்று விற்றுக்கொண்டே போவாள். வாரத்தில் இரண்டு நாள் பெருங்கடவிளை தாண்டி அம்பூரி மலைவரைக்கும் ஏறுவாள்.

கார் வாங்கியது ஆசைக்காக அல்ல. எட்டு வருடங்களுக்கு முன்னால் ஒருநாள், சாளைமீன் நிறைந்த அலுமினியச் சருவத்தோடு அவள் பஸ்ஸில் ஏறியிருந்தாள். உச்சக்கடை வந்ததும் கண்டக்டர் சருவத்தைத் தூக்கி ரோட்டோரம் வைத்தான். "ஆளுகளுக்கு மணம் சகிக்கல்லே. நீங்க ஆட்டோவுல வாங்க" என்றான். பஸ்ஸில் இருந்த ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்களில் இரண்டு பேர் முந்தின நாள் அவளிடம் மீன் வாங்கியவர்கள். பஸ் போன பிறகு குளோரி சருவத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு செங்கல்வரை நடந்தே போனாள். அடுத்த வாரம் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள்.

கொச்சியில் மீன்பிடிப் படகில் வேலைக்குப் போகும் கணவன் பனியடிமை போனில் சிரித்தான். "நீ காரை ஓட்டுவியா, கார் ஒன்னய ஓட்டுமா?" டெஸ்ட்டில் இரண்டு தடவை தோற்றாள். மூன்றாம் தடவை ஒரு கம்பியையும் தட்டாமல் பின்னால் எடுத்து நிறுத்திவிட்டு, இறங்கி கதவை ஓங்கிச் சாத்தினாள். லைசென்ஸ் கிடைத்த அன்று பனியடிமையைக் கூப்பிட்டு, "இப்பம் சிரி" என்றாள்.

அப்படி வந்த கார்தான் போன ஜூனில் ஆட ஆரம்பித்தது. சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் பின்பக்கம் மூன்று தடவை குதித்த பிறகுதான் அடங்கும். ஹம்ப் ஏறினால் பெட்டி சரிந்து ஐஸ்தண்ணீர் அவள் முதுகில் கொட்டும். அதையெல்லாம் அவள் பொருட்படுத்தவில்லை. ஆனால் அம்பூரி இறக்கத்தில், மழை நனைத்த வளைவொன்றில், காரின் பின்பகுதி துள்ளித் துள்ளி ஓரத்துக்கு நகர்ந்தது. பிரேக்கை மிதித்தும் இரண்டு முழம் வழுக்கி, ரப்பர் தோட்டத்து மண்திட்டில் இடித்து நின்றது. திட்டு இல்லாத இடமாக இருந்திருந்தால் கீழே ஆழத்தில் ஓடை. குளோரி இறங்கி, சரிந்த பெட்டிகளை நிமிர்த்தி வைத்தாள். மீதி மீனை விற்றுவிட்டுத்தான் திரும்பினாள்.

மறுநாள் உதியன்குளங்கரைக்குப் பக்கத்தில் மோகனனின் வர்க்‌ஷாப்பில் காரை நிறுத்தினாள். மோகனன் டிக்கியின் மேல் இரண்டு கையையும் ஊன்றி அமுக்கிவிட்டு விலகினார். கார் தொட்டில் போல ஆடிக்கொண்டே இருந்தது. குனிந்து சக்கரத்தின் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"பின்னால ஷாக் ரெண்டும் போச்சு. ஓயில் முழுக்க வெளிய வந்தாச்சு."

"அப்பம் மாத்துங்க."

மோகனன் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "குளோரீ, காரியம் பறஞ்சா கோவப்படக்கூடாது. இந்த வண்டிக்கடியில எனக்க பணிக்காரனுங்க கெடக்கமாட்டானுங்க. மீன்தண்ணி மூஞ்சியில சொட்டும். நல்லோணம் கழுவிக்கொண்டு வா, பாப்போம்."

அவள் கழுவினாள். பெட்டிகளை இறக்கி, பிளீச்சிங் பவுடர் போட்டு, எலுமிச்சை தேய்த்து, பின்னொரு தடவை சோப்புத்தண்ணீர் ஊற்றி, ஒரு பகல் முழுக்க வெயிலில் கதவு திறந்து போட்டாள். அடுத்த நாள் மறுபடியும் போனபோது வர்க்‌ஷாப்பில் வேறு வண்டிக்காரர்கள் நாலைந்து பேர் நின்றார்கள். மோகனன் கிட்டே வரவேயில்லை. தூரத்திலிருந்தே கையை வீசினார்.

"மணம் இனியும் உண்டு. இத ஆக்கிரிக்கடையில எடைக்குப் போடு குளோரீ. மீன் கொண்டுபோற வண்டிய ஆரும் தொடமாட்டாங்க."

நின்றவர்களில் ஒருவன் சிரித்தான். குளோரிக்குக் காது சூடாயிற்று. ஆனால் குரல் உயரவில்லை.

"மோகனண்ணா, வெள்ளிக்கிழமை உங்க வீட்டு வாசல்ல நிக்குதது இந்த வண்டிதான். அதுல வாற நெய்மீனுக்கு மணம் இல்லியா?"

இப்போது வேறொருவன் சிரித்தான். மோகனனின் முகம் கறுத்தது. "அது வேற, இது வேற" என்றார்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாக்கும். நீங்க தொடவேண்டாம். நானே மாத்துவேன்."

சொல்லிவிட்டு வண்டியை எடுத்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. அதுவரை அவள் அந்தக் காரில் ஒரு டயரைக்கூடக் கழற்றியதில்லை. ஆனால் சொன்னதைத் திரும்ப விழுங்குகிற பழக்கமும் அவளுக்கு இல்லை. நேரே பாறசாலையில் ஸ்பேர் கடை வைத்திருக்கும் அகிலேஷிடம் போனாள்.

அகிலேஷ் கேட்டதைக் கேட்டபடி எடுத்துக் கொடுப்பவன். ஷாக் இரண்டையும், ரப்பர் புஷ்களையும் மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டான்: "ஆரு சேச்சி மாத்துதது?"

"நான்."

அவன் சிரிக்கவில்லை. பழைய பில்லின் பின்பக்கத்தில் படம் வரைந்து காட்டினான். "கீழ ஒரு போல்ட்டு, மேல டிக்கிக்குள்ள ஒரு நட்டு. அவ்வளவுதான். மேல நட்டைத் திருப்பும்போ ஷாக்குக்க தண்டும் கூடத் திரியும், அத வேற ஸ்பானர் வச்சுப் பிடிக்கணும். புதுசை மாட்டதுக்கு முன்ன நேரா நிறுத்தி நாலஞ்சு தடவை அமுக்கி விடுங்க. கீழ போல்ட்டைக் கடைசியா முறுக்குதது வண்டி தரையில நின்னாப்பிறகு. பின்னே ஒண்ணு சேச்சி, ஜாக்கிய மட்டும் நம்பி அடியில தலைய நீட்டப்பிடாது."

"முன்பக்கம்?"

"அதுக்கு ஸ்பிரிங்கைக் கட்டி இறுக்கணும். தெறிச்சா ஆளைக் கொல்லும். அத வீட்டுல வச்சு செய்யண்டாம்."

குளோரி தலையாட்டினாள். எதற்கு அடம்பிடிக்க வேண்டும், எதற்கு வேண்டாம் என்று கடற்கரையில் பிறந்தவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை, ஏலமும் கிடையாது. பூசை முடிந்து வந்ததும் பழைய நைட்டியின் மேல் பனியடிமையின் சட்டையை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். பக்கத்து வீட்டில் இருக்கும் ஷைனா, பனியடிமையின் தங்கை, வேலியோரம் வந்து நின்றாள்.

"மைனி, நாட்டுல வேற வர்க்‌ஷாப்பே இல்லியா?"

"உண்டு. அங்கயும் மூக்கைப் பொத்துவானுவ. அத இன்னொருக்கப் பாக்க எனக்கு நேரமில்ல."

முதல் எதிரி மணலாக இருந்தது. ஜாக்கியைத் தூக்கத் தூக்க, கார் உயரவில்லை. ஜாக்கிதான் கீழே போனது. கரையில் வள்ளத்துக்கு அடியில் வைக்கிற தடித்த பலகையை இழுத்து வந்து, அதன்மேல் ஜாக்கியை வைத்தாள். முன்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி, இரண்டு பக்கமும் மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, வண்டியை அதன்மேல் இறக்கினாள். தோளால் முட்டிப் பார்த்தாள். அசையவில்லை. பிறகுதான் சக்கரத்தைக் கழற்றினாள்.

அதற்குள் வலை சீர்செய்துகொண்டிருந்த ஆண்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்துவிட்டார்கள். வள்ளத்து எஞ்சின்களைப் பழுது பார்க்கும் யேசுவடியான் முன்னால் வந்து கையை நீட்டினார்.

"ஸ்பானரை இங்க தா. பெண்ணுங்க செய்யுத காரியமா இது? அரை மணிக்கூர்ல முடிச்சுத் தாறேன்."

"வேண்டாம் அண்ணே. பாத்துட்டு நில்லுங்க."

"பாத்துட்டு நிக்கதுக்கா வந்தேன்?"

"பின்னே எதுக்கு வந்தீங்க?"

ஆண்கள் சிரித்தார்கள். யேசுவடியான் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு ஓரமாகக் குந்தினார்.

மேலே இருந்த நட்டைத் திருப்ப, டிக்கிக்குள் ஒருவர் தண்டைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. குளோரி வேலியைப் பார்த்தாள். ஷைனா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு டிக்கிக்குள் பாதி உடம்பை நுழைத்தாள். "எம்மா, மோகனன் சொன்னதுலயும் காரியம் உண்டு கேட்டியா" என்று உள்ளிருந்து குரல் வந்தது. குளோரிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மேல் நட்டு பத்து நிமிடத்தில் கழன்றது. கீழ் போல்ட்டு கழலவில்லை. எட்டு வருட மீன்தண்ணீர், உப்பு, கடற்காற்று எல்லாம் சேர்ந்து நட்டையும் போல்ட்டையும் ஒரே இரும்பாக்கியிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டாள். சுத்தியலால் தட்டினாள். ஸ்பானரின்மேல் காலை வைத்து ஏறி மிதித்தாள். ஸ்பானர் வழுக்கி அவள் முழங்கை மட்கார்டில் உரசி, தோல் உரிந்தது. யாரோ, "விட்டிரு குளோரீ" என்றார்கள். அவள் ரத்தத்தைச் சட்டையில் துடைத்தாள். ஸ்பானரின் பிடி நீளமாக இருந்தால்தான் இது மசியும் என்று அவளுக்குத் தெரிந்தது.

யேசுவடியான் எழுந்து போய், ஒரு இரும்புப் பைப்போடு திரும்பி வந்தார். "நகரு, நான் போடுதேன்."

"பைப்பு தாங்க அண்ணே. கை வேண்டாம்."

அவர் பைப்பைக் கொடுத்தார். குளோரி அதை ஸ்பானரின் வாலில் செருகினாள். ஷைனாவும் வந்து பிடித்தாள். இரண்டு பேரும் வலை இழுப்பதுபோல் பின்னால் சாய்ந்து இழுத்தார்கள். கீச்சென்று ஒரு சத்தம். நட்டு கால் சுற்று நகர்ந்தது. மறுபடி இழுத்தார்கள், மறுபடி கீச்சென்றது. இடதுபக்கம் முடிந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

வலதுபக்கப் போல்ட்டு நகரவில்லை, உடைந்தது. நட்டோடு சேர்ந்து அதன் நுனி தெறித்து மணலில் விழுந்தது. "தீந்துது கதை" என்றான் ஒருவன். குளோரி எஞ்சிய துண்டைக் கம்பியை வைத்து அடித்து வெளியே தள்ளினாள். உடைந்ததைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அகிலேஷைப் போனில் கூப்பிட்டாள். கடை பூட்டியிருந்தது. வீட்டுக்குப் பக்கத்துக் கடைதான், வந்தால் திறந்து தருகிறேன் என்றான் அவன்.

யேசுவடியான் தன் பெட்டியிலிருந்து வேறொரு போல்ட்டை எடுத்து நீட்டினார். "இது போதும். கொஞ்சம் மெலிவு, அவ்வளவுதான்."

"அண்ணே, அம்பூரி இறக்கத்துல இது ஒடிஞ்சா நீங்க வருவீங்களா?" என்று கேட்டுவிட்டு, ஷைனாவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பாறசாலைக்குப் போனாள். மூக்கிலே பூசிய கரியும் கையில் காய்ந்த ரத்தமுமாக அவள் போன கோலத்தைப் பார்த்து உச்சக்கடையில் ஆட்டோக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று போனாள்.

புதுப் போல்ட்டோடு திரும்பி வந்து, பழைய ஷாக்கைத் தரையில் நிறுத்தி அமுக்கியபோது அது அமுங்கியபடியே செத்துக் கிடந்தது. புதியது அமுக்கிய கையைத் திரும்பத் தள்ளியது. அந்தத் தள்ளல் குளோரிக்குப் பிடித்திருந்தது. வேண்டியதைவிட இரண்டு தடவை கூடுதலாக அமுக்கிப் பார்த்தாள். நாலு மணிக்கு வண்டி சக்கரங்களின்மேல் நின்றது. கீழ் போல்ட்டுகளைக் கடைசியாக முறுக்கி முடித்து எழுந்தவள், யாரையும் பார்க்காமல் டிக்கியை அமுக்கினாள். கார் ஒரு தடவை இறங்கி, ஏறி, நின்றது.

கொச்சியிலிருந்து பனியடிமை கூப்பிட்டான். ஷைனா ஏற்கெனவே படம் அனுப்பியிருந்தாள். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. "கைக்கு மருந்து போட்டியா?" என்று மட்டும் கேட்டான்.

திங்கள்கிழமை மூன்று பெட்டி நிறைய அயிலையோடு குளோரி மோகனனின் வர்க்‌ஷாப்பு வாசலில் நிறுத்தி ஹார்ன் அடித்தாள். வெளியே வந்த மோகனன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். கை பழக்கத்தில் டிக்கிமேல் போயிற்று. அமுக்கினார். இன்னொரு தடவை அமுக்கினார்.

"ஆரு செய்தது?"

"நானாக்கும்."

அவர் குனிந்து போல்ட்டைப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. "முன்னால உள்ளதும் வீக்காக்கும். கொண்டு வா, நான் செய்து தாறேன். மணம் காரியமில்ல, சகிச்சுக்கிடலாம்."

"நீங்க சகிக்கவேண்டாம் மோகனண்ணா. எனக்க வண்டிய ஆரும் சகிச்சுக்கிட்டுத் தொடவேண்டாம்" என்று சொல்லிவிட்டு கியரைப் போட்டாள்.

அந்த வாரம் முழுக்க முன்பக்க ஷாக்குக்காக நெய்யாற்றின்கரையில் இடம் தேடினாள். ஒவ்வொரு வாசலிலும் கண்ணாடியை இறக்கி, முதல் வார்த்தையாக, "இது மீன் வண்டி. செய்வியா, மாட்டியா?" என்று கேட்டாள். மூன்று இடத்தில் தயங்கினார்கள். தயங்கியவனிடம் அவள் இரண்டாம் தடவை கேட்கவில்லை. நாலாவது இடத்தில் ஜித்தின் என்ற மெக்கானிக் பானட்டைத் திறக்கச் சொன்னான். பிறகு பின்பக்கம் வந்து பெட்டிகளை எட்டிப் பார்த்தான்.

"சேச்சி, அயில மிச்சம் உண்டா?" என்று கேட்டான்.