மூன்று கார்பன் காப்பியும் ஒரு பாகற்கொடியும்

நடக்காத விழாக்களுக்குச் செய்தி எழுதிப் பழகியவன் நான். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. பதிப்புத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஏதாவது எழுதுங்கள் என்றார்கள். என்னிடம் இருப்பது இதுதான்.

தி. நகரில் ஒரு பதிப்பகத்தில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். எங்கள் மாதச் செய்திமடலின் பெயர் ‘புதுவரவு’. என்ன புத்தகம் வந்தது, யார் எழுதினார், எங்கே வெளியிட்டோம், யார் பாராட்டினார் என்று நான்கு பக்கத்தில் எழுதுவது என் பொறுப்பு. மடல் இருபதாம் தேதி அச்சுக்குப் போகும். விழா பெரும்பாலும் இருபத்தைந்துக்கு மேல்தான் அமையும். விழா முடிந்து எழுதினால் அடுத்த மாதம்தான் செய்தி வரும். அதற்குள் எழுத்தாளர் வேறு பதிப்பகம் பார்த்துவிடுவார். ஆகவே “அரங்கம் நிறைந்த கூட்டத்தில் வெளியிடப்பட்டது” என்று முன்கூட்டியே எழுதிவிடுவேன். மழையில் பதினோரு பேர் வந்தாலும் என் மடலில் அரங்கம் நிறையும். தொண்டை கட்டி மேடையில் வாயே திறக்காத ஒருவர், மடலில் நெகிழ்ந்து உரையாற்றியிருக்கிறார். அவரே அதைப் படித்துவிட்டு, “நல்லா கவனிச்சு எழுதியிருக்கீங்க” என்று நன்றி சொன்னார். அதற்குப் பிறகு எனக்குப் பயம் விட்டுப்போயிற்று.

முகம் வந்தது, உடம்பு வரவில்லை

மந்தைவெளி பத்மா மேடம் அரசு அலுவலகம் ஒன்றில் முப்பது வருடம் டைப்பிஸ்டாக இருந்தவர். ஓய்வு பெற்றபின் அந்த முப்பது வருடத்தை எழுதினார். ‘மூன்று கார்பன் காப்பி’ என்று தலைப்பு. முதல் புத்தகம். அவர் கணவர், “இதை யாரு படிப்பா? ஃபைல்ல இருந்தப்பவே யாரும் படிக்கலையே” என்று கேட்டிருக்கிறார். அதனால் மேடம் சொந்தபந்தம் அத்தனை பேரையும் மயிலாப்பூர் விழாவுக்கு அழைத்துவிட்டார்.

விழா புதன்கிழமை மாலை. அன்று காலை ராயப்பேட்டையிலிருந்து பைண்டர் நசீர் பாய் போன் செய்தார்.

“சார், அட்டை ரேப்பர் வந்துகீது. உள்பக்கம் இன்னும் வர்ல. பிரஸ்ல மெஷின் நின்னுபோச்சாம், நாளான்னிக்குத்தான்றான். மூஞ்சி கீது சார், ஒடம்பு இல்ல.”

நான் முதலாளியிடம் ஓடி, விழாவைத் தள்ளிவைக்கலாம் என்றேன். அவர் மேஜைமேல் இருந்த ‘புதுவரவு’ இதழை என் பக்கம் திருப்பி வைத்தார். மூன்று நாளுக்கு முன்பே வாசகர்களுக்குத் தபாலில் போய்ச் சேர்ந்திருந்த இதழ் அது.

“இங்க பாருங்க. விழா சிறப்பா நடந்து முடிஞ்சதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. நடந்து முடிஞ்ச விழாவை எப்படிய்யா தள்ளிவைக்கிறது?”

இந்த மாதிரி நேரத்தில் எங்கள் தொழிலில் டம்மி போடுவது வழக்கம். அதே அளவில் உள்ள வேறு புத்தகத்தின் அட்டையைக் கிழித்துவிட்டுப் புது ரேப்பரை ஒட்டுவோம். மேலே ஜிகினாத் தாள், ரிப்பன். மேடையில் ஒருவர் வெளியிடுவார், ஒருவர் பெற்றுக்கொள்வார், போட்டோ எடுப்பார்கள். இறங்கியதும் நாங்கள் வாங்கி வைத்துக்கொள்வோம். வாங்க வருகிறவர்களிடம் விலாசம் எழுதி வாங்கிக்கொண்டு பிறகு அனுப்புவோம்.

டெமி அளவு, நூற்றியெழுபத்தாறு பக்கம். அந்தக் கனத்தில் பாயிடம் கட்டுக்கட்டாகக் கிடந்தது எங்களுடைய ‘மொட்டைமாடியில் காய்கறி’ ஒன்றுதான்.

“வெள்ளைத்தாள் வச்சுக் கட்ட முடியாதா பாய்?”

“டைம் எங்க சார் கீது? உள்ள எவன் சார் பாக்கப்போறான்? வுடு, ஒட்டிர்றேன்.”

விழாவில் நிஜமாகவே அரங்கம் நிறைந்திருந்தது. மேடத்தின் சொந்தக்காரர்கள் நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். மேடை ஏறும்முன் மேடம் என்னிடம் வந்தார். “சார், ஒரே ஒரு தடவை பிரிச்சுப் பாத்துடட்டுமா?”

“பசை காயலை மேடம். பக்கம் கையோட வந்துடும்.”

பத்மா மேடம் ரிப்பன்மேல் விரலை வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அந்த நேரத்தில் நான் மடலில் மட்டுமல்ல, நேரிலும் பொய் சொல்லக் கற்றுக்கொண்டேன்.

முதல் பிரதியைப் பெற்றுக்கொண்டவர் அடையாறு பேராசிரியர் அருள்வேந்தன். ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பில் நூல் விமர்சனம் எழுதுகிறவர். மேடையில் வாங்கிய எந்தப் புத்தகத்தையும் அவர் பிரித்ததாகச் சரித்திரம் இல்லை. பின்னட்டையைப் படித்தே அரைப் பக்கம் எழுதிவிடுவார். பின்னட்டை எழுதியதும் நான்தான் என்பதால் எங்களுக்குள் நல்ல புரிதல் இருந்தது. பொன்னாடையையும் புத்தகத்தையும் சுருட்டிக்கொண்டு அவர் காரில் ஏறியதை நான் பார்த்தேன். ஓடிப்போய்க் கேட்டிருக்கலாம். பிரிக்கவா போகிறார் என்று போண்டா சாப்பிடப் போய்விட்டேன்.

அடையாறில் ஒரு மாலை

வெள்ளிக்கிழமை உள்பக்கம் வந்தது. பாய் முதல் பத்துப் பிரதியைக் கட்டிக் கொடுத்தார். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு அடையாறுக்குப் போனேன். மாற்றி வைத்துவிட்டு வந்துவிடலாம் என்று எண்ணம்.

பேராசிரியர் கதவைத் திறந்தார். கையில் அந்தப் புத்தகம். உள்ளே பென்சில்.

“வாங்க, வாங்க! ரெண்டு நாளா கீழ வைக்கல. புதன்கிழமை கார் டிராஃபிக்ல மாட்டிக்கிச்சு. போன்ல சார்ஜும் இல்ல. வேற வழியில்லாமத்தான் பிரிச்சேன். என்னா எழுத்து!”

“சார், அந்தப் பிரதியில பைண்டிங் கொஞ்சம்... வேற பிரதி கொண்டுவந்திருக்கேன்.”

“இதைத் தரமாட்டேன். நாப்பது இடத்துல கோடு போட்டிருக்கேன். டைப்பிஸ்ட் வாழ்க்கைன்னு அட்டையில போட்டுட்டு, உள்ள ஒரு இடத்துலகூட டைப்ரைட்டர் கிடையாது! பூரா செடி, மண்ணு, பூச்சி! என்ன துணிச்சல் அந்தம்மாவுக்கு!”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், “விமர்சனம் நேத்தே அனுப்பியாச்சு. முழுப் பக்கம்” என்றார். வாசலுக்கு வந்து முதலாளிக்குப் போன் போட்டேன்.

“முழுப் பக்கமா?” என்றார். “நீங்க அங்க எதுவும் பேசிடலையே? பேசாம கிளம்பி வாங்க.”

பேசாமல் கிளம்பி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்த விமர்சனத்தை இன்றும் என்னால் ஒப்பிக்க முடியும். “‘வேரில் நீர் தேங்கினால் செடி அழுகும்’ என்ற ஒரே வரியில் அரசு அலுவலகத்தின் முப்பது ஆண்டுகளைச் சொல்லிவிடுகிறார். பாகற்கொடிக்குப் பந்தல் கட்டும் அத்தியாயம், மணவாழ்க்கை பற்றித் தமிழில் இதுவரை சொல்லப்படாத உண்மை. இறுதியில் வரும் விதைப்பு அட்டவணை தன்வரலாற்றுக்கே புதிய உத்தி.”

திருத்தம்

திங்கட்கிழமை பத்து மணிக்கு மேடம் அலுவலகத்துக்கு வந்தார். பத்திரிகைப் பக்கம் நான்காக மடித்துக் கைப்பையில் இருந்தது. முதலாளி எழுந்து நின்று, “வாழ்த்துகள்மா! யாருக்கும் கிடைக்காத விமர்சனம்!” என்றார்.

“எனக்கும் கிடைக்கலையே சார். நான் எங்க சார் பாகற்காய் போட்டேன்?”

நடந்ததை நானே சொன்னேன். ஒன்றும் விடவில்லை, போண்டா உட்பட. அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினார்.

“நேத்துலேர்ந்து எங்க வீட்டுக்காரர் இதை வரவங்க எல்லாருக்கும் படிச்சுக் காட்டறார். முப்பத்தெட்டு வருஷத்துல முதல் தடவையா என்னைப் பெருமையா பேசறார். ஆனா அந்தப் பந்தல் வரி வந்தா மட்டும் நிறுத்திட்டு, ‘என்னைச் சொல்றியா?’ன்னு கேக்கறார். நான் என்ன பதில் சொல்றது?”

“இப்படியே விட்டுடலாமே மேடம்” என்றார் முதலாளி. “புத்தகத்துக்கு நல்லதுதானே? நேத்துலேர்ந்து போன் ஓயலை.”

“அவங்க கேக்கறது என் புத்தகத்தையா சார்?” மேடம் எங்கள் இருவரையும் பார்த்தார். “அடிக்கறதுல தப்பு இருந்தா மேல் தாளோட, அடியில இருக்கற மூணு கார்பன் காப்பியிலயும் அழிச்சுட்டுத் திரும்ப அடிப்பேன். மேல ஒண்ணை மட்டும் சரி பண்ணி ஒருநாளும் அனுப்பினதில்லை. நீங்க திருத்தம் போடுங்க. பேராசிரியர்கிட்டயும் சொல்லிடுங்க. அப்புறம் யாரும் படிக்கலைன்னா பரவாயில்லை. படிக்காதது என் புத்தகமா இருக்கட்டும்.”

அன்று மதியம் பேராசிரியருக்குப் போன் செய்தேன். முழுவதும் கேட்டார். முடிந்ததும், “அட்டவணைகூட அவங்களோடது இல்லையா?” என்றார்.

“இல்லை சார்.”

“சரி, அசலை அனுப்புங்க.”

‘புதுவரவு’ அடுத்த இதழின் முதல் பக்கத்தில் திருத்தம் வந்தது: “சென்ற இதழில் நாம் அறிவித்த விழா, அறிவித்த பிறகே நடந்தது. அதில் வெளியிடப்பட்ட பிரதியின் உள்ளே எங்களுடைய ‘மொட்டைமாடியில் காய்கறி’ நூல் இருந்தது. இது எங்கள் தவறு. ‘மூன்று கார்பன் காப்பி’ நூலை எழுதிய, அறுபத்தேழு வயதான திருமதி பத்மாவிடம் மன்னிப்புக் கோருகிறோம். அந்நூலில் பாகற்காய் இல்லை.” பதினெட்டு வருடத்தில், நடந்த பிறகு நான் எழுதிய முதல் செய்தி அது. முதலாளி இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. ‘மொட்டைமாடியில் காய்கறி’ தீர்ந்து மறுபதிப்புக்குப் போனபிறகு பேசினார்.

மூன்று வாரம் கழித்துப் பேராசிரியர் அசல் புத்தகத்துக்கு ஆறு வரி எழுதினார். “நேரடியான நூல். டைப்ரைட்டர் சத்தம் கேட்கிறது. அட்டவணை எதுவும் இல்லை.” அவர் வாழ்நாளில் படித்துவிட்டு எழுதிய இரண்டாவது விமர்சனம் என்று நினைக்கிறேன். அதைப் பார்த்து எழுபது பேர் புத்தகம் கேட்டார்கள். எல்லோருக்கும் நான்கு பக்கமாவது பிரித்துப் பார்த்தே அனுப்பினேன்.

இதிலிருந்து புதிதாக வருகிறவர்கள் கற்க வேண்டியது: டம்மி போடுவதாக இருந்தால் வெள்ளைத்தாள் வையுங்கள். நசீர் பாயிடம் இதைச் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “வெள்ளத்தாளா? அதுக்கு அந்தப் புரொபசரு ரெண்டு பக்கம் எழுதியிருப்பாரு சார்.”

பிறகு ஒருநாள் மேடம் ஆசிரியர் பிரதிகளை வாங்க வந்தார். ஆறு வரி விமர்சனத்தை லேமினேட் செய்து கைப்பையில் வைத்திருந்தார். எனக்கும் கொஞ்சம் பாராட்டு வேண்டியிருந்தது. “அந்தத் திருத்தத்தைப் போட எங்க ஆபீஸ்ல பெரிய போராட்டமே நடத்தினேன் மேடம்” என்றேன்.

“படிச்சேன் சார். அறுபத்தேழுன்னு போட்டிருக்கீங்க. எனக்கு அறுபத்தஞ்சுதான் ஆகுது. எங்க வீட்டுக்காரர் அந்த வயசு வரியை மட்டும் வெட்டி ஃபிரிட்ஜ் மேல ஒட்டியிருக்கார்.”