செம்புச் சுருள்

ஹைதராபாத்தில் உயிருள்ள பவளத்தை வீட்டில் வளர்க்க முடியாது என்று சொல்கிறவர்களோடு நான் வாதாடுவதில்லை. நாங்கள் ஏழு மாதம் வளர்த்தோம். வளர்த்தவள் என் மனைவி. கொன்றவன் நான்.

எண்பதுகளின் நடுவில் திருமுல்கேரியில் ஒரு பழைய வீட்டின் பின்போர்ஷனில் குடியிருந்தோம். மல்லாபூர் பக்கம் ஓர் அரசுத் தொழிற்சாலையில், குளிர்சாதனப் பிரிவில் எனக்கு ஃபிட்டர் வேலை. கம்ப்ரஸர், கேஸ், செம்புக் குழாய் இவற்றைத் தவிர உலகத்தில் வேறொன்றும் உருப்படியாகத் தெரியாது. எல்லாம் தெரியும் என்ற மிதப்பு மட்டும் தாராளமாக இருந்தது.

எங்கள் இருவருக்கும் சொந்த ஊர் தூத்துக்குடி. அவளுக்கு இரண்டு பிரசவம் ஆனது, இரண்டு குழந்தையும் ஒரு வாரம் தாண்டவில்லை. அதோடு தன் கையைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள்: ராசியில்லாத கை. அவளாகக் கண்டுபிடித்ததல்ல அது. இங்கே பழகின தமிழ்க் குடும்பங்களில் வளைகாப்பு என்றால் அவளையும் அழைப்பார்கள், இலை போட்டு நன்றாகக் கவனிப்பார்கள். வளையல் அடுக்க மட்டும் கூப்பிடமாட்டார்கள். நாளாக ஆக, கறிவேப்பிலைக் கன்று பட்டுப்போனாலும் பால் திரிந்தாலும் உள்ளங்கையை விரித்துப் பார்க்க ஆரம்பித்தாள். "கையில எழுதியா ஒட்டியிருக்கு?" என்று நான் கத்துவேன். கத்தினால் போகிற விஷயமா அது?

அவள் தம்பி சங்கு குளிக்கப் போகிறவன். ஒருமுறை அக்காவைப் பார்க்க வந்தபோது, மூடி திருகின கேனில் கடல்தண்ணீரும் அதற்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு கல்லும் கொண்டுவந்தான். கல்லின்மேல் சட்டைப் பொத்தான் அளவில் பழுப்பாக என்னவோ சுருங்கிக் கிடந்தது.

"பவளப்பூச்சிக்கா. உயிரோட இருக்கு. ஒரு வாரம் தாங்குனா பெருசு" என்றான்.

நான் கண்ணாடி ஒட்டித் தொட்டி செய்தேன். தகர மூடியில் நான்கு டியூப்லைட் மாட்டினேன். மூன்றாம் நாள் காலையில் அவள் போட்ட கூச்சலுக்குச் சோப்பு நுரையோடு ஓடிவந்தேன். பொத்தான்கள் எல்லாம் விரிந்து, நடுவில் பச்சையும் ஓரத்தில் ஜரிகைபோலச் சின்னச் சின்ன விரல்களுமாக ஆடிக்கொண்டிருந்தன. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு வேறு ஜோலி இல்லை. விளக்கு போட ஒரு நேரம், அணைக்க ஒரு நேரம். தண்ணீர் வற்றினால் பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விடுவாள், அவசரப்படமாட்டாள். ஒரு சொட்டு நாக்கில் வைத்தே உப்பு கூடியதா குறைந்ததா என்று சொல்லிவிடுவாள். கரண்ட் போய்க் காற்று மோட்டார் நின்றால், டம்ளரால் தண்ணீரை மொண்டு மொண்டு மேலிருந்து ஊற்றிக்கொண்டே நிற்பாள், சோறு பொங்கி வழிந்தாலும் நகரமாட்டாள். மெட்ராஸ் ரயிலில் போய்வருகிற ஒரு கார்டு மாதம் இரண்டு கேன் கடல்தண்ணீர் கொண்டுவந்து தருவார். வீட்டுக்காரம்மா எட்டிப்பார்த்து, "கைக்கு ஜி, பத்தர் பால்ரே?" என்று சிரித்தாள். கல்லை எதற்கு வளர்க்கிறீர்கள் என்று கேட்கிறாள். "ஹவ், பத்தரிச் பால்ரூம்", ஆமாம், கல்லைத்தான் வளர்க்கிறேன் என்று இவளும் சிரித்தாள். இவள் அப்படிச் சிரித்துப் பார்த்து வருஷக்கணக்காகியிருந்தது.

ஐந்தாம் மாதம் கல்லின் ஓரத்தில் மிளகளவில் புதிதாக இரண்டு முளைத்தன. "குட்டி போட்டிருக்குங்க" என்று என் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். அந்த வாரம் முழுக்க அவள் உள்ளங்கையைப் பார்க்கவே இல்லை. கல் உயிரோடு இருக்கிறவரை அவளும் இருப்பாள் என்று எனக்குப் புரிந்தது. புரிந்ததுதான் வினையாகப் போயிற்று.

மே மாதம் வந்தது. தொட்டித் தண்ணீர் கைபொறுக்கும் சூடு என்று சொல்லும்படி ஆனது. பச்சை வெளிறத் தொடங்கியது. ஈரச் சாக்குச் சுற்றினாள், ஐஸ் வாங்கிப் பையில் கட்டி மிதக்கவிட்டாள். எதுவும் போதவில்லை. குளிர்சாதன ஃபிட்டர் பெண்டாட்டி ஐஸ்கடையில் நிற்பதா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கழித்துப் போட்ட வாட்டர் கூலர் ஒன்றை வாங்கிவந்து, கம்ப்ரஸரைச் சரிசெய்து, புதுச் செம்புக் குழாயைச் சுருளாக வளைத்தேன். எங்கள் செக்ஷனில் செம்புதான் ராஜா. அதைவிட வேகமாகச் சூட்டை இழுக்கும் உலோகம் என் கையில் பட்டதில்லை. குடிக்கிற தண்ணீரையே செம்பில் வைத்தால் நல்லது என்று வளர்ந்தவன் வேறு. புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று தொட்டிக்குள் இறக்கினேன். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் குளிர்ந்தது. "நீங்க பெரிய ஆளுதான்" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் பொத்தான்கள் பாதிதான் விரிந்தன. வெளிச்சம் அதிகமோ என்று அவள் கையை விட்டுக் கல்லைச் சற்றுத் திருப்பி வைத்தாள். அதற்கடுத்த நாள் ஒன்றும் விரியவில்லை. ஐந்தாம் நாள் எல்லாம் கொழகொழவென்று உரிந்து, தண்ணீர் கலங்கி நாறியது. "நான்தான் தொட்டேன்" என்றாள். அழவில்லை. தொட்டியை அவளே கழுவிக் கவிழ்த்தாள்.

அவள் தம்பிக்கு எழுதினேன். தொழிற்சாலை முகவரிக்குப் பதில் வந்தது. கடல் ஆராய்ச்சி செய்கிற ஒருவரிடம் கேட்டானாம். "செம்பு, பித்தளை ஏதாச்சும் தண்ணில பட்டுச்சா அத்தான்? அதுகளுக்கு அது விஷமாம்." கேன்டீனில் உட்கார்ந்து அதை நான்கு தடவை படித்தேன். இல்லை என்று பதில் எழுதிவிட்டேன். வீட்டில் மூச்சுவிடவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று நான்கு வருஷம் ஓடியது. என் வேலை தப்பாகாது என்ற பெயரைத் தவிர அந்த வீட்டில் எனக்கு வேறென்ன மரியாதை இருந்தது? நான் கோழை. வேறு சொல் இல்லை.

பிறகு தம்பி மனைவிக்கு வளைகாப்பு வைத்தார்கள். அழைக்க அவனே வந்தான். "மொத வளையல் அக்காதான் போடணும்" என்றான்.

"என் கை வேண்டாம்ல. ஒரு கல்லுகூடத் தங்கல" என்றாள்.

இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது. சுருள், கடிதம், நான் எழுதிய பொய், எல்லாவற்றையும் சொன்னேன். தம்பி என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு, "ஆமாக்கா, செம்புதான் கொன்னுருக்கு. நான் அப்பவே எழுதுனேன்" என்றான்.

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரித்தாள். "ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு வந்திருக்கிய."

"சத்தியமாச் சொல்லுதேன்" என்றேன்.

"நெசம்னா, நாலு வருசமா நான் மருகுததைப் பாத்துக்கிட்டுச் சும்மா இருந்திருப்பியளா? நீங்க அப்படிப்பட்ட மனுசன் இல்ல." என் தோளைத் தட்டிவிட்டுக் காப்பி போட எழுந்து போனாள்.

வளைகாப்புக்கு அவள் ஊருக்குப் போகவில்லை. சிக்கந்தராபாத்தில் கடையில் நின்று வளையலுக்கு நிறம் மட்டும் விரல் நீட்டிக் காட்டினாள். தொடவில்லை. நான்தான் எடுத்துப் பொட்டலம் கட்டித் தம்பியிடம் கொடுத்தேன்.