மிக் வாங்கிய நேசம் அக்கா

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் நேசம் அக்காவின் வீடு. பல வருடம் வெளிநாடுகளில் ஊர் ஊராகத் திரிந்துவிட்டு 2007இல் கொழும்புக்கு வந்தபோது, அவருடைய மேல்மாடி அறையில்தான் வாடகைக்கு இருந்தேன். அவர் பள்ளிக்கூட வான் ஓட்டுகிறவர். காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கொட்டாஞ்சேனையிலுள்ள பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போவார். சாரதி இருக்கையில் ஒரு பெண்ணைக் கண்டதும் பஸ்காரர்கள் வேண்டுமென்றே ஹோர்ன் அடிப்பார்கள். கண்ணாடியை இறக்கி அவர் சிங்களத்தில் சொல்லும் பதிலைப் பிள்ளைகள் எல்லாரும் மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். தன் பெயருக்கும் தனக்கும் பொருத்தமில்லை என்று அவரே சொல்வார்.

ஆகஸ்ட் விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் மூடிய அன்று வானின் தரை உடைந்தது. இறங்குவதற்கு எழும்பிய றலியா என்ற சிறுமியின் கால், சப்பாத்தோடு துருப்பிடித்த தகரத்துக்குள்ளே போய்விட்டது. வான் நின்றுகொண்டிருந்ததால் முழங்காலில் சிராய்ப்போடு தப்பினாள். அந்த இடத்தைச் சமீபத்தில்தான் கொட்டாஞ்சேனைக் கராஜ்காரர் வலன்ரைன் ஒட்டிக் கொடுத்திருந்தார். கம்பி வைத்து ஒட்டும் சாதாரண வெல்டிங். கேற்றுக்கும் தடித்த இரும்புக்கும் அது சரி. வானின் மெல்லிய தகரத்தில் வைத்தால் ஒட்டுவதற்குப் பதில் ஓட்டை விழும். விழுந்த ஓட்டைகளின் மேல் தாரைப் பூசி, கார்ப்பெட்டை விரித்து அனுப்பியிருந்தார்.

றலியாவின் தாய் கைருன்னிஸா அன்றே வீட்டுக்கு வந்தார்.

“உங்கள்ல எனக்குக் கோவமில்ல நேசம் அக்கா. ஆனா ஸ்கூல் தொடங்க முந்தி நானே வந்து அந்தத் தரையில ஏறி நின்று பாப்பேன். தாங்காட்டி மகள வேற வான்ல போடுவேன். மத்த உம்மாமாரும் இதத்தான் சொல்றாங்க.”

“உம்மாமார் மட்டுமோ, அம்மாமாரும் சொல்லுகினமோ?”

“அவங்க என்னை விட மோசமாச் சொல்றாங்க.”

பிள்ளைகள் போனால் வான் இல்லை. வான் இல்லையென்றால் நேசம் அக்காவுக்கு வேறு பிழைப்பு இல்லை. வலன்ரைன் மறுநாள் வந்து, இந்த முறை நல்ல தடித்த தகடு வைத்துத் தருகிறேன் என்றார்.

“நீ போட்ட கார்ப்பெட் நல்ல கார்ப்பெட் வலன்ரைன். அதைக் கொண்டுபோய் உன்ரை வீட்டு ஹோலில விரி. வானை நானே ஒட்டுறன்.”

“வெல்டிங் என்ன புட்டு அவிக்கிறதா அக்கா?”

“புட்டு எனக்குச் சரிவராது. அதால இது சரிவரும்.”

அன்று சாப்பிடும்போது நான்தான் வாயைத் திறந்தேன். போர்த்துக்கல் துறைமுகமொன்றில் படகு திருத்துகிறவர்களிடம் ஒரு மெசின் பார்த்திருந்தேன். அதில் கம்பி மாற்றத் தேவையில்லை. விசையை அழுத்தினால் சுருளிலிருந்து வயர் தானாக வந்து உருகும். கரண்டைக் குறைத்து வைத்தால் மெல்லிய தகரத்தையும் ஒட்டலாம்.

“அக்கா, ஒரு மிக் வாங்குங்கோவன்,” என்றேன்.

கறி கொண்டுவந்திருந்த பக்கத்து வீட்டுக் கனகேஸ்வரி எழும்பி யன்னலைச் சாத்தினார். அப்போதுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு உறைத்தது. வெளிநாடுகளில் எங்கும் அது ஒரு வெல்டிங் மெசினின் பெயர். இங்கே மிக் என்றால் யுத்தம் நடக்கும் வடக்கே குண்டு போடப் போகிற அரசாங்க விமானம். வன்னியிலிருந்து நேசம் அக்காவின் தங்கை எப்போதாவது போன் எடுப்பார். “மிக் வருது” என்பதோடு அந்தப் பேச்சு அறுந்துபோகும். பிறகு கிழமைக் கணக்கில் சத்தமிருக்காது.

நேசம் அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். “உண்மையா அதுக்குப் பேரே அதுதானோ?”

“ஓம். பெட்டியிலயும் அப்பிடித்தான் எழுதியிருக்கும்.”

“அப்ப அதுதான் எனக்கு வேணும்.”

மறுநாளே கடைகளுக்குப் போன் எடுக்கத் தொடங்கினார். “உங்களிட்ட மிக் இருக்கோ?” இரண்டு கடைக்காரர்கள் பதில் சொல்லாமலே போனை வைத்தார்கள். கனகேஸ்வரி தலையில் கை வைத்தார்.

“போனை ஆரும் ஒட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாங்கள் நேசம்!”

“கேக்கட்டும். எந்தக் கடையில மலிவு எண்டும் சொல்லட்டும்.”

மூன்றாவது கடைக்காரர் ஷிப்லி. பஞ்சிகாவத்தையில் கடை வைத்திருந்தார். “மிஸ், அதுக்கு இங்க சீ-ஓ-டூ வெல்டிங்னு சொல்றது,” என்று குரலைத் தாழ்த்தினார். “நேர்ல வாங்க. கதைப்போம்.”

போனோம். ஷிப்லி முதலில் பெரியதொன்றைக் காட்டினார். அது கராஜ்களுக்கானது. வீட்டுப் பிளக்கில் ஓடாது. அடுத்தது நடுத்தரமானது. “இது எவ்வளவு தடிச்ச இரும்பையும் ஒட்டும் மிஸ்,” என்றார்.

“தடிச்சதை விடுங்கோ. ஆகக் குறைய எவ்வளவு கரண்டில ஓடும்?”

ஷிப்லி தலையைச் சொறிந்தார். “எல்லாரும் கூடினதத்தான் கேப்பாங்க.”

“எல்லாற்றை வானும் என்ரை வான் மாதிரி அப்பளமாயே இருக்குது?”

அவர் சிரித்தபடி மெசினோடு இருந்த தாளை விரித்துப் பார்த்து, மெல்லிய தகரத்துக்குப் போதுமான அளவு இறங்கும் என்றார். பிறகு சிலிண்டர் விசயம் வந்தது. இந்த மெசினுக்குக் காஸ் சிலிண்டர் பூட்டினால் ஒட்டு சுத்தமாக வரும். மருந்து வைத்த ஒருவகை வயர் போட்டால் காஸ் இல்லாமலும் வேலை செய்யும். புகையும் பொறியும் மட்டும் கூடுதலாக இருக்கும். கடைக் கோடியில் காஸே பூட்ட முடியாத சின்ன மெசினொன்றும் இருந்தது.

“சொல்றேன்னு கோவிக்க வேணாம் மிஸ். தமிழ் ஆக்கள் வீட்டுக்கு இந்த மாதிரி சிலிண்டர் கொண்டுபோறது... செக்பொயின்ட்ல ஒருநாள் பூரா நிக்கணும். நீங்க சின்னத எடுங்க.”

நேசம் அக்கா நடுத்தர மெசினின் பின்பக்கம் சுற்றிப் போய், காஸ் குழாய் பூட்டும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“இதைத்தான் எடுக்கிறன். இப்ப வயரில ஓட்டுறன். ஆனா காஸ் பூட்டுற இடம் இருக்க வேணும். ஆமிக்குப் பயந்து குறைஞ்ச சாமான் வாங்கேலாது.”

பெட்டியின் இரண்டு பக்கமும் MIG என்று உள்ளங்கை அளவு எழுத்து. அதை மறைக்க ஷிப்லி பழைய பேப்பரும் டேப்பும் எடுத்து வந்தார். நேசம் அக்கா அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கொள்ளுப்பிட்டியில் எங்கள் த்ரீவீலரை மறித்தார்கள். ஒரு சிப்பாய் குனிந்து எழுத்தைப் படித்தான். “மேக்க மொக்கத்த?” இது என்ன என்று கேட்டான்.

“மிக் எக்கக்,” என்றார் நேசம் அக்கா. ஒரு மிக்.

அதோடு எங்களை இறக்கிவிட்டார்கள். பெட்டி நடைபாதையில். அடையாள அட்டைகள் கைமாறின. வெல்டிங் மெசின் என்று நான் சொன்னதைச் சிப்பாய் காதில் வாங்கவில்லை. பெட்டியை விட்டுவிட்டுப் போய், பொலிஸ் கடிதத்தோடு வந்து எடுக்கும்படி சொன்னான். விட்டுப்போன பெட்டி திரும்பி வராது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். நேசம் அக்கா சேலையைச் சரிசெய்துகொண்டு பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தார்.

“நான் போகேல்ல. உங்கட பெரியவரைக் கூப்பிடுங்கோ.” இதையும் சிங்களத்தில்தான் சொன்னார். காலி வீதி பஸ்களெல்லாம் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போயின. நான் பெட்டியின் பக்கத்திலேயே நின்றேன். அவர் கைப்பையிலிருந்து தோடம்பழம் எடுத்து உரித்து எனக்குப் பாதி தந்தார்.

வந்த அதிகாரி நடுத்தர வயதுக்காரர். பெட்டியைத் திறந்து பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. வெல்டிங் மெசின் என்று நீ சொல்லியிருக்கலாமே என்றார்.

“பெட்டியில எழுதியிருக்கிறதைச் சொன்னன். உங்கட பிளேனுக்கும் அந்தப் பேரை வைச்சது நானில்லை.”

அவர் முகம் இறுகியது. பிறகு என்ன நினைத்தாரோ, உடைந்து கயிற்றால் கட்டியிருந்த வீதித் தடையைக் காட்டி, வெல்டிங் தெரியுமென்றால் இதை ஒட்டித் தந்துவிட்டுப் போ என்றார்.

“பிள்ளையளின்ரை காலுக்குக் கீழ ஒட்ட வேண்டியது கிடக்கு. இது உடைஞ்சே கிடக்கட்டும்.”

இனி இரவு பொலிஸில்தான் என்று நான் முடிவுகட்டினேன். அதிகாரி எங்கள் பெயர்களையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டு, போகும்படி கையை மட்டும் அசைத்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

வீட்டுக் கராஜில் வானின் இருக்கைகளைக் கழற்றி, பற்றரியை அவிழ்த்து, துருவை வெட்டியெடுத்துப் புதுத் தகரம் வைத்தோம். முதல் ஒட்டு சோளப்பொரி போல வெடித்துச் சிதறியது. ஒரு பக்கம் பிடித்தது, மறுபக்கம் உதிர்ந்தது. வாசலில் வந்து நின்ற வலன்ரைன், “நான் அப்பவே சொன்னேன் அக்கா,” என்றார். நேசம் அக்கா நெருப்பு பட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டு மெசினோடு வந்த தாளை மறுபடி வாசித்தார். காஸ் இல்லாத வயருக்கு உள்ளேயுள்ள இரண்டு தொடுப்பையும் இடம் மாற்றிப் பூட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. மாற்றினார். சத்தம் உடனே சீராகியது.

“வலன்ரைன், வந்ததுக்கு அந்த முனையைப் பிடி.”

அவர் பிடித்தார். தகரம் சூட்டில் நெளியாதபடி இங்கொன்று அங்கொன்றாகப் புள்ளி வைத்துப் பிறகு இடைவெளிகளை நிரப்பினார் அக்கா. நீல வெளிச்சம் ஒழுங்கை முழுக்கத் தெரிகிறது, கதவைச் சாத்து என்று கனகேஸ்வரி கத்தினார்.

“சாத்தினாத்தான் சந்தேகம் வரும். புகையிலயும் செத்துப்போவன்.”

பாடசாலை தொடங்குவதற்கு முதல் நாள் கைருன்னிஸா வந்தார். நல்ல கனத்த உடம்பு. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறி, புது ஒட்டின் மேல் நின்றார். பிறகு ஒருமுறை துள்ளினார். வான் முழுக்க ஆடியது. தரை அசையவில்லை.

“வடிவில்ல,” என்றார். “புழு ஊந்தின மாதிரி ஈக்கிது.”

“வடிவுக்கு நீங்கள் இருக்கிறியள்தானே. இது தாங்கினாக் காணும்.”

கைருன்னிஸா சிரித்தபடி இன்னொரு முறை துள்ளினார்.

மறுநாள் வான் நிறையவில்லை. சில வீட்டுக்காரர்கள் பார்க்க வராமலே பிள்ளைகளை வேறு வானில் சேர்த்திருந்தார்கள். நேசம் அக்கா அவர்களின் வாசல்களிலும் நிறுத்தி ஒவ்வொரு ஹோர்ன் அடித்துவிட்டுத்தான் போனார். றலியா பின் இருக்கையில் இரண்டு காலையும் மேலே மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா கண்ணாடியில் அதைப் பார்த்தார்.

“றலியா, காலைக் கீழ வை. நல்லா அழுத்தி வை.”

அவள் வைத்தாள். வான் காலி வீதியில் ஏறியது.