புரிந்தது என்று சொன்ன சின்னவள்

வீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் என்பதால் சின்னவள் என்ற பெயரே அவளுக்கு நிலைத்துவிட்டது. அப்பா பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். பள்ளி விடுமுறையில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவள், கழற்றிப் போட்ட கியர் பெட்டியின் முன் குந்திக்கொண்டால் எழுந்திருக்க மாட்டாள். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும், மெக்கானிக்கல்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நல்ல மதிப்பெண்ணுக்கு உதவித்தொகையோடு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடமும் கிடைத்தது. எந்தப் பாடத்திலும் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாகக் கூடாது, ஆளானால் உதவித்தொகை மறுபரிசீலனைக்குப் போகும் என்று ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை அவள் விமானத்திலேயே நான்கு தடவை படித்தாள்.

புத்தகத்தில் படித்த ஆங்கிலம் வேறு, அங்கே பேசிய ஆங்கிலம் வேறு. முதல் வாரம், வெப்பவியல் வகுப்பில் ஒரு சந்தேகம் கேட்டாள். பேராசிரியருக்கு அவள் உச்சரிப்பு பிடிபடவில்லை. திரும்பக் கேட்கச் சொன்னார். கேட்டாள். மூன்றாம் தடவையும் சொல்லச் சொன்னபோது நூற்றுப் பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். "ஒண்ணுமில்ல சார், புரிஞ்சிடுச்சு" என்று உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குப் பிடித்துக்கொண்ட வார்த்தை அது. பேராசிரியர் கேட்டாலும், விடுதிக் காப்பாளர் கேட்டாலும் புரிந்தது என்பாள். பிறகு அறைக்கு வந்து புத்தகத்தைப் புரட்டி, என்ன சொல்லியிருப்பார்கள் என்று கண்டுபிடிப்பாள். எழுத்துத் தேர்வுகளில் முதல் பத்துப் பேருக்குள் வந்தாள். ஆகவே யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து போன் வரும்.

"பாடமெல்லாம் புரியுதாம்மா?" என்பார் அப்பா.

"புரியுதுப்பா."

"அவளுக்குப் புரியாததா? அங்க இருக்கிற மெஷினுக்கெல்லாம் இவதான் பாடம் எடுப்பா" என்று பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்கும். எல்லோரும் சிரிப்பார்கள். சின்னவளும் சிரிப்பாள்.

இரண்டாம் ஆண்டில் பணிமனைப் பயிற்சி தொடங்கியது. நீளமான கூடம், தகரக் கூரை, வரிசையாக, இரும்பைக் கடையும் ஆறு லேத் இயந்திரங்கள். இருவருக்கு ஒரு இயந்திரம். அவளுக்கு ஜோடியாக வந்தவன் உள்ளூர்ப் பையன். ஆறடிக்கு மேல் உயரம். வீட்டாரிடம் போனில் பேசும்போது அவனை நெட்டையன் என்பாள். அவளிடம் பேசும்போது மட்டும் அவன் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசுவான். அந்த ஊரில் அவளுக்குத் தடையில்லாமல் புரிந்த ஒரே ஆள் அவன்தான். கூடத்தின் பொறுப்பாளரோ நேர்மாறு. பெரிய மீசை வைத்த டெக்னீஷியன். பாதிச் சொற்களை மீசைக்குள்ளேயே விழுங்கிவிடுவார். மீதியை இயந்திரச் சத்தம் விழுங்கிவிடும்.

ஒரு நாள் அவர்களுக்குக் கிடைத்தது மூன்றாம் எண் இயந்திரம். இரும்புத் தண்டைப் பிடித்துச் சுழற்றும் சக்கின் மேல் வழக்கமாக ஒரு காப்பு மூடி இருக்கும். மூடினால்தான் இயந்திரம் ஓடும். அந்த இயந்திரத்தில் மூடி உடைந்து பழுதுக்குப் போயிருந்தது. ஒரு நாள் வேலைதானே என்று டெக்னீஷியன் அந்தத் தடையைத் துண்டித்து அதை ஓட்ட விட்டார். இருபத்தைந்து மில்லிமீட்டர் தண்டை இருபத்திரண்டாகக் கடைய வேண்டும். நெட்டையன் வெட்டுளியைப் பொருத்தினான். சின்னவள் தண்டைச் சக்கில் செருகி, கைப்பிடி வைத்த கனமான சாவியைப் போட்டு முறுக்கினாள். முறுக்கிவிட்டு, வரைபடத்தில் அளவைச் சரிபார்க்கத் திரும்பினாள். எடுக்காத சாவி சக்கிலேயே நின்றது.

டெக்னீஷியன் அந்தப் பக்கமாக வந்தார். அவளைப் பார்த்து ஏதோ கேட்டார். கடைசிச் சொல் மட்டும் காதில் விழுந்தது. அது 'தயாரா' என்பது போல இருந்தது. பக்கத்து இயந்திரம் அலறிக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்கத் துணிவு வரவில்லை. தலையாட்டினாள். அவர் அடுத்த இயந்திரத்துக்குப் போனார். நெட்டையன் பச்சைப் பொத்தானை அழுத்தினான்.

என்ன நடந்தது என்று அவள் பார்க்கவில்லை. சம்மட்டியால் அடித்தது போல ஒரு சத்தம். நெட்டையன் இடது தோளைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். சுழன்ற சக்கிலிருந்து பறந்த சாவி அவனுக்குப் பின்னால் சுவரில் மோதி, பூச்சைப் பெயர்த்துவிட்டுக் கிடந்தது. டெக்னீஷியன் ஓடிவந்து சிவப்புப் பொத்தானை அறைந்தார். கூடம் முழுக்க ஒவ்வொரு இயந்திரமாக அடங்கியது.

நெட்டையனுக்குத் தோளருகே காரை எலும்பு முறிந்திருந்தது. ஒரு சாண் மேலே போயிருந்தால் கழுத்து என்று யாரோ சொன்னார்கள். இது மட்டும் அவளுக்கு நன்றாகவே புரிந்தது.

மறுநாள் காலை விசாரணை என்று தகவல் வந்தது. விடுதியில் கட்டடப் பொறியியல் படிக்கும் நம்மூர் அக்கா ஒருத்தி இருந்தாள். சின்னவள் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள்.

"அவர் என்ன கேட்டார்னு புரியலன்னு மட்டும் சொல்லிடாத" என்றாள் விடுதி அக்கா. "அப்புறம் உன் மொழித்தேர்வு சர்டிபிகேட்டையே தோண்டுவாங்க. புரியாம எப்படி இத்தன நாள் ஓட்டினன்னு கேப்பாங்க."

"வேற என்னக்கா சொல்றது?"

"அவர் கேக்கவே இல்லன்னு சொல்லு. சத்தத்துல யாருக்குக் கேட்டிருக்கும்? மூடி இல்லாத மெஷின ஓட்ட விட்டது அவர் தப்புதான?"

விசாரணை அறையில் நீள மேசை, கண்ணாடிச் சுவர். பாதுகாப்பு அதிகாரி நாற்பது வயதுப் பெண். கோபமே இல்லாத முகம். கோபம் இருந்திருந்தால் சின்னவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும். அவர் ஒரு தாளைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"சாவிய எடுத்தாச்சான்னு டெக்னீஷியன் உங்ககிட்ட கேட்டதா சொல்றாரு. கேட்டாரா?"

அப்போதுதான் அவர் என்ன கேட்டார் என்பதே அவளுக்குத் தெரிந்தது.

"இல்ல மேடம். கேக்கல."

அதிகாரி எழுதிக்கொண்டார். பேனா காகிதத்தில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே சின்னவள் உட்கார்ந்திருந்தாள். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டாள்.

அடுத்த நாள் பணிமனைக் கதவில் புதிய டெக்னீஷியனின் பெயர் ஒட்டியிருந்தது. மீசைக்காரரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள், பொய் சொல்லித் தப்பிக்கப் பார்த்தாராம் என்று வகுப்பில் பேசிக்கொண்டார்கள். சின்னவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நடைபாதையில் யாராவது பின்னால் வந்தால் நின்று வழி விட்டாள். கைப்பேசி அதிர்ந்தால் உடம்பே அதிர்ந்தது. கடைத்தெருவில் மீசை வைத்த ஒருவரைக் கண்டு, வாங்க வந்ததை வாங்காமல் திரும்பினாள். அது வேறு யாரோ.

மூன்றாம் நாள் மதியம் நெட்டையனைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனாள். போகாமலிருந்தால் தப்பாக நினைப்பார்களே என்ற பயத்தில்தான் போனாள். அவன் தோளில் பட்டை கட்டிச் சாய்ந்திருந்தான். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வா, உக்காரு. எனக்கு வலி கம்மியாயிடுச்சு. நீ ஏன் இப்படி வெளுத்துப் போயிருக்க?"

"ஒண்ணுமில்ல."

"உன்மேல எனக்குக் கோபமில்ல. சாவிய நான்தான் பாத்திருக்கணும். அவர் வந்து உன்கிட்ட கேட்டாரு, நீ தலையாட்டின. அதப் பாத்துட்டுத்தான் பட்டன அமுக்கினேன்." அவன் வலது கையால் தலையணையைச் சரிசெய்துகொண்டான். "நாளைக்கு அந்த அதிகாரி இங்க வந்து என்கிட்டயும் கேக்கப் போறாங்களாம்."

விசாரணையில் அவள் என்ன சொன்னாள் என்பது அவனுக்குத் தெரியாது. அவன் கண்களிலேயே அது தெரிந்தது. அதற்கு மேல் அவன் பேசியது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்திருந்த கை வியர்த்து வழுக்கியது.

மருத்துவமனையிலிருந்து நேராக அதிகாரியின் அறைக்கு நடந்தாள். மனசாட்சி உறுத்திப் போனாளா, மாட்டிக்கொள்வோம் என்று பயந்து போனாளா என்று பின்னாளில் பலமுறை தன்னையே கேட்டிருக்கிறாள். இன்றுவரை அவளுக்கே தெரியாது. அந்த அறைக் கதவை இரண்டு தடவை தாண்டிப் போய்த் திரும்பி வந்தாள். மூன்றாம் தடவை அதிகாரியே கதவைத் திறந்துவிட்டார்.

"நான் சொன்னது பொய். அவர் கேட்டாரு. எனக்குப் புரியல. புரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டேன்."

"புரியலன்னு அன்னிக்கே ஏன் சொல்லல?"

"பயம்."

"யாரப் பாத்து?"

சின்னவள் யோசித்தாள். "எல்லாத்தையும் பாத்து" என்றாள்.

அதிகாரி உடனே ஆறுதல் சொல்லவில்லை. "ஒருத்தரோட வேலை போக இருந்துச்சு, தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். பிறகு புதிய படிவம் ஒன்றை எடுத்தார்.

முடிவு வரப் பதினொரு நாள் ஆனது. அந்தப் பதினொரு நாளும் பெட்டியைப் பாதி கட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். கடிதத்தில் மூன்று விஷயங்கள் இருந்தன. பணிமனைப் பாடத்தில் அவள் தோல்வி, அடுத்த ஆண்டு இளையவர்களோடு மறுபடி செய்ய வேண்டும். பொய் சொன்னதற்கு இறுதி எச்சரிக்கை. மறுபரிசீலனைக்குப் பின் உதவித்தொகை தொடரும், ஆனால் வாரம் இரண்டு நாள் பேச்சு மொழி வகுப்புக்குப் போக வேண்டும். டெக்னீஷியனை மீண்டும் வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். மூடியில்லாத இயந்திரத்தை ஓட்ட விட்டதற்காக அவருக்கும் ஒரு கடிதம் போயிற்று.

அந்த ஞாயிறு அவளே வீட்டுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா முதலில் கேட்டது பையனைப் பற்றித்தான்.

"அந்தப் பையனுக்கு எலும்பு கூடிடுச்சா?"

"கூடிட்டு வருதுப்பா."

"நீ புரியுதுன்னு சொல்லும்போதெல்லாம் உன் குரலே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. தோண்டிக் கேட்டா அழுதுடுவியோன்னு விட்டுட்டேன். எனக்கும் பயம்தான்" என்றார். அப்பா பயம் என்று சொல்லி அவள் கேட்டது அதுவே முதல் தடவை.

அடுத்த ஆண்டு அதே கூடத்துக்குப் போனாள். மீசைக்காரரிடம் மன்னிப்புக் கேட்க மூன்று வாரம் ஆயிற்று. கேட்டபோது அவர் கையிலிருந்த கழிவுத் துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "என் பொண்டாட்டி ஒரு வாரம் என்கூட பேசல. நான்தான் பொய் சொல்றேன்னு நினைச்சா" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. பிறகு, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, அன்றைய வேலையைச் சொன்னார். அவளுக்கு ஒரு இடம் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்வதற்குள் முதுகு நனைந்துவிட்டது. சொன்னாள். அவர் மறுபடி சொன்னார்.

அன்று கடைந்த தண்டு இருபத்திரண்டைவிட மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு கூடுதலாக வந்தது. அது அனுமதிக்கும் எல்லைக்குள்தான். தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தாள். முகம் கழுவினாள். ஒரு மணிக்குப் பாய்ம இயக்கவியல் வகுப்பு இருந்தது. இரண்டு நிமிடம் தாமதமாகப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

இப்போது அவள் ஒரு பம்பு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருக்கிறாள். சுழலும் எதன் அருகில் நின்றாலும் இன்னும் உள்ளங்கை வியர்க்கிறது. சட்டைப்பையில் ஒரு துணி வைத்திருக்கிறாள். துடைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கிறாள்.