லோவீனா உட்கார்ந்த பெஞ்சு

எங்கள் மேட்டில் பனி விழுந்தால் புகைபோக்கியிலிருந்து கிளம்பும் புகையே வழி தோண்டிக்கொண்டுதான் மேலே போகும். அந்த மேட்டுக்கும் கீழே ஆற்றங்கரைக்கும் சேர்த்து ஒரே பள்ளிக்கூடம். ஒரு அறை, ஒரு அடுப்பு. வெர்மாண்ட் மாநிலத்தில் அந்தக் காலத்தில் அதிகாரி யாரும் வந்து பள்ளிக்கூடம் நடத்தவில்லை. வட்டாரத்தில் வரி கட்டுகிறவர்கள் மார்ச் மாதம் கூடுவார்கள். வாத்தியாரம்மா யார், அவள் யார் வீட்டில் சாப்பிடுவாள், விறகு யார் கொடுப்பது, எல்லாம் கை தூக்கி முடிவாகும். தண்ணீர் வாளிக்கு இன்னொரு குவளை வாங்கலாமா என்று பேச்சு ஆரம்பித்தபோது வாசலில் கன்றாக நின்றது, பேச்சு முடிவதற்குள் மாடாகிப் பால் கொடுத்தது. சத்தியமாகத்தான் சொல்கிறேன்.

லோவீனா பர்ரிங்டனின் வயல் மூலையில்தான் அந்தப் பள்ளிக்கூடம் இருந்தது, அவள் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே. புருஷன் காட்டில் மரம் வெட்டப் போய் மரத்தோடு சாய்ந்தவர். மிச்சமிருந்தது ஒரே பையன் ஈபன். அவனையும் முந்தின குளிர்காலத்தில் தொண்டை நோய் கொண்டுபோய்விட்டது. ஊரார் ஆப்பிள் பணியாரம் கொண்டுவந்தார்கள். அவள் தட்டைக் கழுவித் துடைத்து, அவரவர் வீட்டில் திருப்பிக் கொடுத்தாள். அழவில்லை. கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் இல்லை. ஜன்னல் இடுக்கில் கந்தல் துணி திணித்து வைத்தாள். அப்படியும் இடைவேளைக் கூச்சல் உள்ளே வந்தது. வந்தால், பிசைந்துகொண்டிருக்கும் மாவிலேயே கையை வைத்தபடி நிற்பாள். கூச்சல் அடங்கினதும் மறுபடி பிசைவாள்.

மேட்டு உச்சியில் ஓபெட் ஸ்டிக்னி. அவன் இருமினால் மூன்று பண்ணை தள்ளிக் கூரைப் பனி சரியும். பனி உருகுவதற்குள் பள்ளிக்கூடத்தைத் தூக்கிக் கட்டைகள்மேல் வைத்து, மாடு பூட்டித் தன் வீட்டு முக்குக்கு இழுத்துவிட வேண்டும் என்பது அவன் திட்டம். ஆற்றங்கரைக்காரர்கள் முடியாது என்றார்கள். அவர்கள் வீட்டுச் சின்னதுகள் அவ்வளவு தூரம் பனியில் ஏற முடியாது. அந்த வருஷம்தான் வரி கட்டும் பெண்களுக்கும் பள்ளிக் கூட்டத்தில் ஓட்டு வந்திருந்தது. ஓபெட் தன் பனிவண்டியில் போய் லோவீனாவைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

"சத்தம் போயிரும் லோவீனா. உனக்கும் நிம்மதி," என்றான் வழியில்.

"போயிரும்," என்றாள்.

வாசலில் மாடுகள் ஏற்கெனவே நுகத்தில் நின்றன. கூட்டத் தலைவர் ஹைரம் கட்டர் எட்டிப் பார்த்தார்.

"என்னய்யா ஓபெட், இதுங்களுக்கும் ஓட்டா?"

"பொம்பளைங்களுக்கே குடுத்தாச்சு. மாடு என்ன பாவம் பண்ணுச்சு?"

உள்ளே நுழைந்த லோவீனா ஜன்னல் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஈபன் உட்கார்ந்த பெஞ்சு. குழந்தைகளுக்காகச் செய்தது என்பதால் அவள் முழங்கால் மேஜைக்கடியில் இறுகிப் போயிற்று. கை தூக்கச் சொன்னபோது இரண்டு தடவையும் அவள் தூக்கவில்லை. எண்ணிக்கை சரிசமமாக வந்தது.

சமமாக வந்தால் எழுந்து பிரிந்து நிற்பது எங்கள் வழக்கம். ஹைரம் சொன்னார்: "மாத்தணுங்கறவங்க அடுப்புப் பக்கம் போங்க. வேணாங்கறவங்க ஜன்னல் பக்கம்."

பூட்ஸுகள் தடதடவென்று பிரிந்தன. லோவீனா அசையவில்லை. அவள் கை மேஜைக்கடியில் புத்தகம் வைக்கிற பொந்துக்குள் போயிருந்தது. அங்கே ஒரு பிசின் உருண்டை ஒட்டியிருந்தது. ஸ்ப்ரூஸ் மரத்துப் பிசின், பிள்ளைகள் மென்றுவிட்டு, மணி அடித்ததும் ஒட்டி வைப்பது. கல்லாகக் காய்ந்திருந்தது. விரலால் தடவினாள். பல் தடம் இருந்தது, நடுவில் ஒரு பல் இல்லாமல். அந்த ஓட்டைப் பல் அவளுக்குத் தெரியும்.

"லோவீனா, எந்திரிச்சு இந்தப் பக்கம் வா. நீ நம்ம ஆளு," என்றான் ஓபெட்.

பிறகு தலைவர் பக்கம் திரும்பினான்.

"ஹைரம், இது செல்லாது. அவ எங்க நடந்தா? சும்மா உக்காந்திருக்கா."

"சும்மா உக்காந்திருக்கற இடம் ஜன்னல் பக்கமாச்சே," என்றார் ஹைரம். பிறகு குரலை இறக்கினார். "லோவீனாம்மா, இடம் தப்புன்னா இப்பவே எந்திரிச்சுரு."

"எந்திரிக்கல."

"அப்போ, மாத்த வேணாங்கறியா?"

"எந்திரிக்கல ஹைரம்."

ஹைரம் பென்சிலை எடுத்தார். ஜன்னல் பக்கம் ஒன்றைக் கூட்டிக்கொண்டார். பள்ளிக்கூடம் இருந்த இடத்திலேயே நின்றது. ஓபெட் மாட்டை அவிழ்க்கப் போனபோது, காத்திருந்து சலித்த மாடுகள் பள்ளிக்கூட வாசல்படியில் பாதியைத் தின்றிருந்தன என்று சொல்வார்கள். நான் பார்த்த படியில் பாதி இல்லை, அவ்வளவுதான்.

அதனால் அவளுக்கு ஒன்றும் மாறிவிடவில்லை. மறுநாள் இடைவேளையில் கூச்சல் வந்தது, மாவில் கை நின்றது. கந்தலையும் எடுக்கவில்லை.

அடுத்த மார்ச்சில் ஓபெட் அதே கோரிக்கையை மறுபடி கொடுத்திருந்தான், இந்தத் தடவை மாடில்லாமல். ஹைரம் அடுப்பு மூட்டக் கதவைத் திறந்தபோது லோவீனா படியில் நின்றுகொண்டிருந்தாள். தனியாகப் பனியில் நடந்து வந்திருக்கிறாள். நேரே போய் ஜன்னல் பக்கத்துப் பெஞ்சில் முழங்காலை நுழைத்துக்கொண்டாள். ஒரு கை பொந்துக்குள்.

"இன்னும் யாருமே வரல லோவீனாம்மா. நான் கேள்வியே கேக்கல."

"வந்ததும் கேளு," என்றாள். "நான் உக்காந்தாச்சு."