விருந்தாளி நின்ற கோல்

சாரலில் நனைந்த பந்தை வயிற்றோடு அணைத்துப் பிடித்தால் சட்டை முழுக்கச் செம்மண் வாசனை ஏறிவிடும். அதைத் துவைத்துத் துவைத்துக் கை ஓய்ந்த அம்மா, அந்த வருடக் குற்றால சீசன் முடிந்ததும் எனக்குப் பந்து விளையாட்டே கிடையாது என்று சொல்லிவிட்டாள். எட்டாம் வகுப்புப் பெண் பையன்களோடு விழுந்து உருண்டது போதுமாம். ஆகவே தென்காசியில் எங்கள் தெருவுக்கும் அச்சன்புதூர் பையன்களுக்கும் ரைஸ் மில் பொட்டலில் நடக்கவிருந்த கால்பந்து ஆட்டம்தான் நான் கோல் காக்கும் "கோலி"யாக நிற்கப்போகும் கடைசி ஆட்டம்.

அந்த நேரம் பார்த்தா அமெரிக்காவிலிருந்து அத்தை மகன் ஜோயல் வந்து இறங்க வேண்டும்? வந்தவன் சும்மாவும் இருக்கவில்லை. அவன் ஊர் ஃபுட்பாலின் பெருமையை ஒரு வாரம் எங்கள் காதில் ஓதினான். உரிக்காத தேங்காய் மாதிரி இரண்டு முனையும் கூரான பந்து. அதைக் கையில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், நாலு பேர் மேலே விழுந்து அமுக்க வேண்டும், உடனே விசில், உடனே கூட்டம் கூடி யோசனை, மறுபடி முதலிலிருந்து. ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம் அதிகம். எங்கள் ஆட்டத்தில் பந்து சாக்கடைக்குள் போனால்தான் நிற்போம். அதுவும் எடுத்துக் கழுவுகிற வரைக்கும். இதையெல்லாம் அவனிடம் சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் எங்கள் வீட்டில் விருந்தாளியை மறுத்துப் பேசக் கூடாது.

ஆட்டத்தன்று அப்பா என்னைத் தனியே அழைத்தார். "விருந்தாளிப் பிள்ளை ஆசைப்படுதாம்ட்டி. அவன் கோல்ல நிக்கட்டும். நீ நாளைக்குக்கூட விளையாடலாம்லா?"

நாளைக்கு ஏது? அம்மா சொன்னது அவருக்கும் தெரியும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொப்பியைக் கழற்றி ஜோயலிடம் கொடுத்துவிட்டு, கோல் கம்புக்குப் பின்னால் போய் நின்றேன்.

விதிகளை அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. திருத்தினால் மனம் வருந்துவானாம். கடைசி நிமிடம் வரை இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. அப்போது உயரமாக வந்த பந்தை ஜோயல் அழகாகத்தான் பிடித்தான். பிடித்தவன் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தான். கோலி பந்தைக் கையால் தொடுவதற்கு எல்லையாகக் கோலுக்கு முன்னால் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டை அவன் தாண்டியதுமே, ரெஃப்ரியாக நின்ற மில் அண்ணாச்சி விசில் ஊதினார். அவன் நிற்கவில்லை. எதிர்க் கோல் வரை ஓடி, பந்தைத் தரையில் அறைந்து, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஆடினான். எங்கள் பையன்கள் அவனையே வாய் பிளந்து பார்த்து நின்றார்கள். அதற்குள் அச்சன்புதூர்க்காரன் ஒருவன் பந்தை எடுத்துவந்து அந்தக் கோட்டருகே வைத்து, ஆளில்லாத கோலுக்குள் மெல்லத் தட்டிவிட்டான். வலையில்லாத கோலைத் தாண்டி அது என் காலடியில் வந்து நின்றது.

யாராவது அவனைத் திட்டினார்களா? "என்னமா ஓடுதான்!" என்று மெச்சி, அப்பா செங்கோட்டைக்கு அழைத்துப்போய் அவனுக்குப் புரோட்டா வாங்கிக் கொடுத்தார்.

மில்லும் இல்லை, பொட்டலும் இல்லை. அந்த இடத்தில் இப்போது ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. போன சாரல் சீசனுக்கு மனைவி, மகளோடு வந்த ஜோயல், மண்டபத்தின் கார் நிறுத்துமிடத்தில் நின்று, தான் ஓடிய தூரத்தை மகளுக்குக் கைநீட்டிக் காட்டினான். எங்கள் ஊர்க் கால்பந்து சப்பென்று இருக்கும், தொண்ணூறு நிமிடம் உட்கார்ந்தாலும் ஒரு கோல் விழாது என்றும் சேர்த்துக்கொண்டான். பிறகு என் பக்கம் திரும்பி, "அன்னைக்கு நீ ஆடலையா?" என்று கேட்டான்.

இத்தனை வருடமாக நாக்கு நுனியில் வைத்திருந்த பதில். அவன் மகள் சிரித்த முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லலே, சும்மா பாக்க வந்தேன்," என்றேன். "வா, வீட்டுல உனக்கு வாங்கி வச்ச புரோட்டா ஆறிரும்."