ஆறாம் வீதி

எங்கள் வீதி ஆற்றை ஒட்டியே வந்து, புத்தளம் போகும் பெரிய ரோட்டில் ஏறி முடிகிறது. நடந்தால் கால்மணி நேரம். போன மாரியில் வெள்ளம் அதில் பாதியைத் தின்றுவிட்டது. அதன்பிறகு எந்த த்ரீவீலரும் உள்ளே வர மறுத்தது.

என் அக்காவை ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். சீனி வருத்தத்தில் அவளுக்கு ஒரு கால் எடுத்தாயிற்று. கிளினிக் நாளில் அவளைச் சில்லுக் கதிரையில் வைத்து, கல்லிலும் குழியிலும் பெரிய ரோட்டு வரை தள்ளிக்கொண்டு போவேன். ஒருநாள் கதிரை சரிந்து விழுந்துவிட்டாள்.

"இனிக் கிளினிக் வேணாம், விடு," என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிரதேச சபைக் கந்தோருக்குப் போய், திருத்தப்போகும் வீதிகளின் பட்டியலைக் கேட்டேன். எங்கள் வீதி இல்லை என்றார் அதிகாரி. வாங்கிப் பார்த்தால், கடைசியில் 'ஆறாம் வீதி' என்று கிடந்தது. வெள்ளம் வடிந்ததும் ரோட்டைத் திருத்தக் கேட்டுக் கொடுத்த மனுவில் 'ஆறு வீதி' என்று எழுதியவள் நான்தான். சிங்களத்துக்கு மாற்றிய புண்ணியவான் ஓடுகிற ஆற்றை எண்ணிக்கை ஆக்கிவிட்டார்.

"இது எங்கட ரோட்டுத்தான். ஆறு எண்டா தண்ணி," என்றேன்.

"இருக்கலாம். தேடிப் போன ஆக்கள் அப்பிடியொரு வீதி இல்ல எண்டு எழுதிட்டாங்க. பேரை மாத்தி வர அடுத்த வருசமாகும்."

"அப்ப மாத்தாதீங்க. ஆளை இன்னொருக்கா அனுப்புங்க."

வீட்டுக்கு வந்து பழைய அலுமாரியின் பின்பலகையைக் கழற்றி, 'ஆறாம் வீதி' என்று பெரிதாக எழுதினேன்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்றாள் ராத்தா.

"ஓம், பைத்தியம்தான்," என்று சொல்லி, அதைப் பெரிய ரோட்டு முனையில் நட்டேன்.

அடுத்த கிழமை, ராத்தாவைப் பலகையடிக்குத் தள்ளிக்கொண்டு வந்திருந்தபோது, கந்தோர் ஆட்கள் இருவர் வந்தார்கள். ஒருவர் பலகையைப் பார்த்துவிட்டு, "அப்ப முதல் அஞ்சு வீதியும் எங்க?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் ராத்தா கதிரையிலிருந்தபடி சொன்னாள்: "எல்லாத்தையும் வெள்ளம் கொண்டு போயிட்டுது. மிச்சம் இது ஒண்டுதான்."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதிக்கொண்டார். தார் போட்டார்கள். இப்போது த்ரீவீலர் வாசலுக்கே வரும். ராத்தா வாசலில் ஏறமாட்டாள். பலகை வரை தானே சில்லை உருட்டிக்கொண்டு போய், அங்கேதான் ஏறுவாள்.

போன மாதம், சரியான பெயர் போட வேண்டும், பலகையைக் கழற்றுங்கள் என்று கந்தோரிலிருந்து ஒருவர் வந்து நின்றார். நான் ராத்தாவைக் காட்டினேன். அவள் பலகைக்கு முன்னால் கதிரையை நிறுத்தி, பிரேக்கை இறுக்கிப் போட்டாள்.